பெலாரஸின் ‘நியாயமான உலகம்’ கட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெலாரஸ் பற்றிப் பேச்சு வந்தால் நண்பர்களும் வாசிப்பு வட்டத்தில் உள்ளவர்களும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. “அது இன்னும் சோவியத் நாடு மாதிரிதானே, அங்கே இடதுசாரிகளுக்கு என்ன குறை?” என்பதில்தான் பேச்சு தொடங்கும். அங்கே ஒரு சின்ன இடதுசாரிக் கட்சி கால் நூற்றாண்டுக்கும் மேலாக அரசோடு மோதி, கடைசியில் கலைக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில், இது எந்தக் கட்சி? பெயரே கேள்விப்பட்டதில்லையே?

‘நியாயமான உலகம்’ என்ற பெயரில் இயங்கிய பெலாரஸ் இடதுசாரிக் கட்சி. 2009 வரை அதற்கு ‘பெலாரஸ் கம்யூனிஸ்டுகள் கட்சி’ என்று பெயர். மாஸ்கோவில் 1991 ஆகஸ்டில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்ற சில நாட்களில், சோவியத் காலக் கம்யூனிஸ்ட் கட்சியின் செயல்பாட்டை பெலாரஸ் நாடாளுமன்றம் நிறுத்தி வைத்தது. இப்படிக் கட்சி இல்லாமல் நின்றவர்களில் ஒரு பகுதியினர் அந்த டிசம்பரில் புதிதாக ஒரு கட்சியைத் தொடங்கினார்கள். சோவியத் யூனியனைக் கலைக்கும் ஒப்பந்தம் பெலாரஸின் பெலவேழா காட்டில் கையெழுத்தானதும் அதே மாதம்தான். 1993-ல் பழைய கட்சி மீதான தடை நீங்கியதும் அது இந்தப் புதிய கட்சியோடு இணைந்துவிட்டது.

நெடுங்காலம் இதற்குத் தலைமை தாங்கியவர் செர்கேய் கல்யாகின். கீழே அவர் பெயர் அடிக்கடி வரும்.

லுகாஷென்கோவே கம்யூனிஸ்ட்தானே? அவரை எதிர்க்க இன்னொரு கம்யூனிஸ்ட் எதற்கு?

பெலாரஸ் ஜனாதிபதி லுகாஷென்கோ எந்தக் கட்சியிலும் இல்லை. சோவியத் காலத்தில் அரசுப் பண்ணை ஒன்றின் இயக்குநராக இருந்தவர். 1990-ல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ‘ஜனநாயகத்துக்கான கம்யூனிஸ்டுகள்’ என்ற குழுவில் இருந்தார். 1994-ல் ஊழல் ஒழிப்பை முழங்கி, சுயேச்சையாக நின்று, ஜனாதிபதி ஆனார். அந்தத் தேர்தலில் கம்யூனிஸ்டுகள் கட்சி தன் வேட்பாளராக வசிலி நோவிகோவை நிறுத்தியிருந்தது. அவருக்கு 5 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை.

குழப்பம் ஏன் வருகிறது என்பது புரிகிறது. அங்கே ரஷ்யப் புரட்சி நாளான நவம்பர் 7 இன்றும் அரசு விடுமுறை. உளவுத் துறைக்கு சோவியத் காலத்தைப் போலவே இன்றும் கேஜிபி என்றே பெயர். 1995 வாக்கெடுப்புக்குப் பிறகு, அரிவாள் சுத்தியலை மட்டும் நீக்கிவிட்டு, கிட்டத்தட்ட சோவியத் காலக் கொடியையே திரும்பக் கொண்டுவந்தார்கள். பெரிய ஆலைகள் அரசின் கையில் இருக்கின்றன. இதையெல்லாம் பார்த்து அது சோஷலிச நாடு என்று முடிவு கட்டுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆலைகளுக்குள் தொழிலாளி எந்த நிலையில் இருக்கிறார் என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். அதற்குக் கீழே பதில் இருக்கிறது.

செய்தியில் ‘பெலாரஸ் கம்யூனிஸ்ட் கட்சி’ அரசை ஆதரிக்கிறது என்று படித்தேனே. எது சரி?

அது வேறு கட்சி. 1996 நவம்பர் தொடக்கத்தில், லுகாஷென்கோவை ஆதரித்தவர்கள் விக்டர் சிகின் தலைமையில் பிரிந்துபோய், ‘பெலாரஸ் கம்யூனிஸ்ட் கட்சி’ என்று தனியாக வைத்துக்கொண்டார்கள். அதனால் பல ஆண்டுகள் ‘கம்யூனிஸ்டுகள் கட்சி’ எதிர்க்கட்சி, ‘கம்யூனிஸ்ட் கட்சி’ அரசுக் கட்சி என்ற நிலை. உள்ளூர் வாக்காளர்களே குழம்பியிருப்பார்கள்.

அரசை ஆதரிக்கும் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இடம் கிடைத்துவருகிறது: 2016-ல் 8, 2019-ல் 11, 2024-ல் 7. 2025 ஜனாதிபதித் தேர்தலில் அதன் தலைவர் செர்கேய் சிரான்கோவ் வேட்பாளராக நின்றார். லுகாஷென்கோவுக்குப் பதிலாக அல்ல, அவரோடு சேர்ந்து என்பதே அவருடைய பிரசாரமாக இருந்தது. ஆட்சியில் இருப்பவரோடு போட்டியிட வந்த வேட்பாளர் இப்படிச் சொல்கிறார் என்றால், இரண்டு கட்சிகளுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1996-ல் அப்படி என்னதான் நடந்தது? எல்லோரும் அந்த வருஷத்தையே சொல்கிறீர்களே?

இந்தக் கட்சியைப் புரிந்துகொள்ள அந்த ஒரு வருஷம் தெரிந்தால் போதும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1995 தேர்தலில் கம்யூனிஸ்டுகள் கட்சி 42 இடங்களைப் பிடித்து, நாடாளுமன்றத்தில் மிகப் பெரிய கட்சியாக வந்திருந்தது. அடுத்தது 33 இடங்களோடு விவசாயக் கட்சி. அதன் தலைவர் செமியோன் ஷரேத்ஸ்கி சபாநாயகர் ஆனார். கம்யூனிஸ்டுக் குழுவின் தலைவர் கல்யாகின். அதாவது லுகாஷென்கோ எதிர்கொண்ட நாடாளுமன்றத்தில் பலமாக இருந்தவர்கள் இடதுசாரிகள்.

1996-ல் அவர் ஜனாதிபதிக்கு அதிகாரங்களைக் குவிக்கும் புதிய அரசியல் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட முடிவு செய்தார். கம்யூனிஸ்டுகளும் விவசாயக் கட்சியும் எதிராக ஒரு வரைவைக் கொண்டுவந்தார்கள். அதில் ஜனாதிபதி பதவியே கிடையாது, நாடாளுமன்றத்துக்கே முதன்மை. வாக்கெடுப்பில் அதுவும் ஒரு கேள்வியாக இடம்பெற்றது. இடதுசாரிகள் வலிமையான தலைவரைத்தான் விரும்புவார்கள் என்று நம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த வரைவைப் பற்றித்தான்.

நவம்பரில் நிலைமை முற்றியது. வாக்கெடுப்பின் நடைமுறையைக் குறை சொன்ன தேர்தல் ஆணையத் தலைவர் விக்டர் கன்சாரை ஜனாதிபதி பதவிநீக்கம் செய்தார். (அவர் 1999 செப்டம்பரில் காணாமல் போனார்.) 70-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கையெழுத்திட்டு, ஜனாதிபதியைப் பதவிநீக்கும் மனுவை அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். அப்போது மாஸ்கோவிலிருந்து பிரதமர் செர்னமீர்தின், மேலவைத் தலைவர் ஸ்த்ரோயெவ், கீழவைத் தலைவர் செலஸ்னியோவ் மூவரும் மின்ஸ்குக்கு வந்து இரவோடு இரவாக ஒரு சமரசத்தை எழுதினார்கள். செலஸ்னியோவ் அன்று ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். வாக்கெடுப்பு முடிவு ஆலோசனையாக மட்டும் இருக்கும், பதவிநீக்க மனு கைவிடப்படும் என்பதே அதன் சாரம். நாடாளுமன்றத்தில் அது நிறைவேறவில்லை. வாக்கெடுப்பு நடந்தது, அதன் முடிவு கட்டாயமாக்கப்பட்டது. அதிகாரபூர்வக் கணக்கில் ஜனாதிபதியின் வரைவுக்கு 70 சதவீதத்துக்கு மேல், இடதுசாரிகளின் வரைவுக்கு 8 சதவீதத்துக்கும் கீழ். பழைய நாடாளுமன்றத்தில் தனக்கு ஆதரவானவர்களை மட்டும் பொறுக்கி, தேர்தலே இல்லாமல் 110 பேர் கொண்ட புதிய சபையை லுகாஷென்கோ அமைத்தார். கல்யாகின் பக்கம் நின்றவர்கள் வெளியே போனார்கள். அதன் பிறகு அந்தச் சபையில் அவர்களுடைய கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

நிலத்தை விற்கவில்லை, ஆலையை விற்கவில்லை. இடதுசாரிக்கு வேறு என்னதான் வேண்டும்?

மிக நல்ல கேள்வி, இதைக் கேட்காத ஆளே இல்லை. உண்மைதான், 1996 வாக்கெடுப்பிலேயே நிலத்தைத் தடையின்றி வாங்கி விற்கும் யோசனை பெரும்பான்மையால் நிராகரிக்கப்பட்டது. லுகாஷென்கோவும் அதை எதிர்த்தார். மற்ற பல முன்னாள் சோவியத் நாடுகளில் நடந்த மாதிரி ஆலைகளை அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்ட கூட்டம் இங்கே பெரிதாக உருவாகவில்லை. இதைச் சொல்லாமல் பெலாரஸைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது.

ஆனால் ஆலை அரசுடையது என்பதாலேயே தொழிலாளிக்கு அதில் குரல் வந்துவிடாது. 1995 ஆகஸ்டில் மின்ஸ்க் மெட்ரோ ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கலவரத் தடுப்புப் போலீஸை வைத்து அது அடக்கப்பட்டது. 1999-ல் வந்த 29-ஆம் எண் ஜனாதிபதி ஆணை, நிரந்தர வேலையை ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரையான ஒப்பந்தமாக மாற்ற வழிசெய்தது. படிப்படியாக நாட்டின் பெரும்பாலான ஊழியர்கள் அதற்குள் வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தால் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். சங்கம் அமைத்தவருக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா? தனியார் முதலாளிகள் ஆசைப்படும் ஏற்பாடு இது. இங்கே அரசே முதலாளியாக இருந்து செய்தது.

2015-ல் இன்னொரு ஆணை. ஆண்டுக்கு 183 நாட்களுக்குக் குறைவாக வேலை செய்து, வரி செலுத்தாதவர்கள் அபராத வரி கட்ட வேண்டும் என்றது. வேலை இல்லாதவனிடமே வசூல்! மக்கள் அதை ‘ஒட்டுண்ணி வரி’ என்றார்கள். 2017 பிப்ரவரி, மார்ச்சில் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஊர்வலம் கிளம்பியது. அதே 2017 முதல் ஓய்வு வயது ஆண்டுக்கு ஆறு மாதமாக உயர்ந்து, ஆண்களுக்கு 63, பெண்களுக்கு 58 என்று போய் நின்றது. ஆலை யார் பெயரில் இருக்கிறது என்பதோடு, அந்த ஆலையில் வேலை செய்பவர் அதன் நிர்வாகத்தை எதிர்த்துப் பேசிவிட்டு மறுநாளும் வேலைக்கு வர முடிகிறதா என்பதையும் வைத்துத்தான் நான் அளப்பேன்.

அப்படியென்றால் மக்கள் ஏன் இவர்களுக்கு ஓட்டுப் போடவில்லை?

1995-ல் போட்டார்கள், மேலே பார்த்தோம். அதன் பிறகு ஓட்டு எவ்வளவு விழுந்தது என்பதை நம்பகமாகச் சொல்ல வழியே இல்லை. தேர்தல் நாளுக்கு முன் ஐந்து நாள் முன்கூட்டிய வாக்குப்பதிவு நடக்கும். அந்த இரவுகளில் பெட்டிக்கு யார் காவல்? வாக்குச்சாவடிக் குழுக்களில் எதிர்க்கட்சிக்காரருக்கு இடம் கிடைப்பது அபூர்வம். எண்ணும் மேசையைச் சரியாகப் பார்க்கப் பார்வையாளர்களை விடுவதில்லை.

அதேசமயம், கட்சி பெரிய மக்கள் இயக்கமாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். 2015 ஜனாதிபதித் தேர்தலுக்கு கல்யாகின் முயன்றபோது, வேட்பாளராகத் தேவைப்படும் 1,00,000 கையெழுத்துகளைச் சேர்க்க முடியவில்லை. ஆதரவாளர்களில் பலர் சோவியத் காலத்தைப் பார்த்த தலைமுறை. சோவியத் கால நினைவை ஏங்குகிறவர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியில் லுகாஷென்கோவே கிடைத்தார். மாற்றம் கேட்ட இளைஞர்களுக்கு ‘கம்யூனிஸ்ட்’ என்ற பெயரே தடையாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது லேசான காரியம் இல்லை.

முதலாளித்துவக் கட்சிகளோடும் தேசியவாதிகளோடும் கூட்டணி வைத்தார்களாமே? அது துரோகம் இல்லையா?

வைத்தார்கள். 2001 ஜனாதிபதித் தேர்தலில் எதிர்த்தரப்புக்குள் போட்டியிட முன்வந்த ஐவரில் கல்யாகினும் ஒருவர். கடைசியில் தொழிற்சங்கத் தலைவர் விளாதிமிர் கன்சாரிக்கைப் பொது வேட்பாளராக ஏற்றார்கள். 2005 அக்டோபரில் மின்ஸ்கில் கூடிய ஜனநாயக சக்திகளின் மாநாடு, கட்சி சாராத இயற்பியலாளர் அலெக்சாண்டர் மிலின்கேவிச்சை அடுத்த தேர்தலுக்குப் பொது வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது. சந்தைப் பொருளாதாரம் பேசும் ஐக்கிய குடிமக்கள் கட்சித் தலைவர் லெபெத்கோவை அவர் மயிரிழையில்தான் முந்தினார். அந்தப் பிரசாரத்தை நடத்தும் தலைமைப் பொறுப்பு கம்யூனிஸ்டான கல்யாகினிடம் வந்தது.

2006 மார்ச் 19-ல் தேர்தல். அதிகாரபூர்வ முடிவில் லுகாஷென்கோவுக்கு 83 சதவீதம், மிலின்கேவிச்சுக்கு 6 சதவீதம் சொச்சம். அதை எதிர்த்து மின்ஸ்கின் அக்டோபர் சதுக்கத்தில் பனியில் கூடாரம் போட்டு உட்கார்ந்தவர்களை மார்ச் 24 விடியலில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

துரோகம் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. சங்கம் வைக்கவும் ஓட்டை நேர்மையாக எண்ணவும் உரிமை இல்லாத இடத்தில், அந்த உரிமைக்காக யாரோடும் நிற்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் விலை இருந்தது. கூட்டணி மேடையில் தேர்தல் முறைகேடு, ஜனாதிபதியின் பதவிக்காலம், சிறைக்கைதிகள் பற்றிப் பேசினார்கள். ஒப்பந்த வேலை, கூலி, ஓய்வூதியம் ஆகியவை இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டன. ஆலைத் தொழிலாளி நம்ம ஆள் பேசுகிறார் என்று உணரும் வாய்ப்பு குறைந்தது.

மேற்கு நாடுகளின் கைக்கூலிகள் என்கிறார்களே?

பெலாரஸ் அரசு தன்னை எதிர்ப்பவர்கள் எல்லோர் மேலும் வீசும் பட்டம் அது. இவர்களைப் பொறுத்தவரை செயலை வைத்தே பார்க்கலாம். 1996-ல் கொண்டுவந்த வரைவு நாடாளுமன்ற ஆட்சிக்கானது. சர்வதேச அளவில் சேர்ந்திருந்தது ஐரோப்பிய இடதுசாரிக் கட்சிகளின் கூட்டமைப்பில். நேட்டோவை எதிர்க்கும் கட்சிகள் நிறைந்த அமைப்பு அது.

தொழிலாளர் உரிமை மீறல் புகாரும் அமெரிக்காவிலிருந்து வந்தது அல்ல. 2000-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் மாநாட்டில் தொழிலாளர் தரப்புப் பிரதிநிதிகள் கொடுத்த புகார் அது. அதன்பேரில் அமைந்த விசாரணைக் குழு 2004-ல் 12 பரிந்துரைகளைச் சொன்னது. அவை நிறைவேறாததால் 2023 ஜூனில் அந்த அமைப்பு, பரிந்துரைகளை நிறைவேற்றாத நாட்டின் மேல் நடவடிக்கை எடுக்க வழிசெய்யும் தன் சாசனத்தின் 33-ஆம் பிரிவைப் பயன்படுத்தியது. அதற்கு முன் அந்தப் பிரிவு மியன்மார் மீது மட்டும்தான் பாய்ந்திருக்கிறது.

ரஷ்யாவின் கம்யூனிஸ்டுகள் இவர்களுக்கு உதவவில்லையா?

இல்லை. சியுகானோவின் ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சி லுகாஷென்கோவின் பக்கமே நின்றுவந்திருக்கிறது.

பெயரிலிருந்து ‘கம்யூனிஸ்ட்’டை ஏன் எடுத்தார்கள்? கொள்கையை விட்டுவிட்டார்களா?

அதற்கு முன்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2006 ஜூலையில் அரசை ஆதரிக்கும் கட்சி ‘ஒன்றிணைப்பு மாநாடு’ என்று ஒன்றை நடத்தி, இந்தக் கட்சி உறுப்பினர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு, இனி ஒரே கம்யூனிஸ்ட் கட்சி என்று அறிவித்தது. கல்யாகின் தலைமை அதை ஏற்கவில்லை. பிறகு நீதி அமைச்சகம் வழக்குப் போட, 2007 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கட்சியை ஆறு மாதம் முடக்கியது. தேர்தல் தோல்விக்கு அடுத்த ஆண்டு, அதுவும் பிரசாரத் தலைவரின் கட்சி மேல் வந்த வழக்கு என்பதைக் கவனியுங்கள்.

2009 அக்டோபர் மாநாட்டில் ‘நியாயமான உலகம்’ ஆனார்கள். இரட்டைப் பெயர்க் குழப்பம் அதோடு தீர்ந்தது. கம்யூனிஸ்ட் அல்லாத இடதுசாரிகளும் சேரலாம் என்று கதவைத் திறந்தார்கள். எனக்குத் தெரிந்து இது சரியான முடிவு. பத்து ஆண்டு தாமதமாக வந்தது என்பதே வருத்தம்.

அவர்கள் பக்கம் தவறே இல்லையா?

இருக்கிறது. 1995 மே வாக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கொடி, ரஷ்ய மொழிக்கும் ஆட்சிமொழித் தகுதி, ரஷ்யாவோடு பொருளாதார ஒருங்கிணைப்பு ஆகியவற்றோடு நான்காவதாக ஒரு கேள்வி இருந்தது: நாடாளுமன்றத்தை ஜனாதிபதி கலைக்கலாமா? எதிர்த்து நாடாளுமன்றத்துக்குள் உண்ணாவிரதம் இருந்த தேசியவாத உறுப்பினர்களை ஏப்ரல் இரவில் படையினர் அடித்து வெளியே தள்ளினார்கள். சோவியத் கட்சி மூலமாக வந்தவர்களே பெரும்பான்மையாக இருந்த அந்தச் சபை வாக்கெடுப்பு நடக்க வழிவிட்டது.

பழைய கொடி திரும்புகிறது என்ற மகிழ்ச்சியில் நான்காவது கேள்வி என்ன செய்யும் என்பதை இடதுசாரிகளில் பலர் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். அன்று அடி வாங்கியவர்கள் அரசியல் எதிரிகள் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அடுத்த ஆண்டு நவம்பரில் முறை இவர்களுக்கே வந்தது. 1996-ல் அவர்கள் எடுத்த நிலையை நான் மதிக்கிறேன். ஒரு வருஷம் முன்பே எடுத்திருந்தால் நாட்டின் போக்கே மாறியிருக்கலாம்.

இப்போது கட்சி இருக்கிறதா?

சட்டப்படி இல்லை. 2023 பிப்ரவரியில் லுகாஷென்கோ புதிய கட்சிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை ஒரு கட்சிக்கு 1,000 உறுப்பினர் போதும். இனி 5,000 வேண்டும், நாடு முழுக்கக் கிளைகள் வேண்டும், எல்லோரும் மறுபதிவு செய்ய வேண்டும் என்றது. 2020 ஜனாதிபதித் தேர்தலின் முடிவை எதிர்த்துப் போராடி ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போய்வந்த நாட்டில், எதிர்க்கட்சி உறுப்பினர் பட்டியலில் 5,000 பேர் தங்கள் பெயரை எழுதிக் கொடுப்பார்களா?

அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் ‘நியாயமான உலகம்’ உட்பட ஒவ்வொரு கட்சியாகக் கலைத்தது. பசுமைக் கட்சி, சமூக ஜனநாயகக் கட்சிகள், ஐக்கிய குடிமக்கள் கட்சி எல்லாம் போயின. 15 கட்சிகள் இருந்த இடத்தில் 4 மிஞ்சின. நான்கும் அரசை ஆதரிப்பவை. அவற்றில் ஒன்று, மூன்றாவது கேள்வியில் பார்த்த கம்யூனிஸ்ட் கட்சி.

பதிவு போனால் என்ன, பதிவில்லாமல் இயங்கலாமே? நம் ஊரில் எத்தனை அமைப்புகள் அப்படி இருக்கின்றன?

அங்கே முடியாது. பதிவில்லாத அல்லது கலைக்கப்பட்ட அமைப்பின் பெயரில் செயல்படுவது குற்றவியல் சட்டத்தின் 193-1 பிரிவில் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. 2019-ல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். 2022 ஜனவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்போதே கட்சிகளின் கதி தெரிந்துவிட்டது. வாடகை அறையில் பத்துப் பேர் கூடிக் கட்சிப் பெயரில் ஓர் அறிக்கை எழுதினால்கூட வழக்குப் போடலாம்.

தொழிற்சங்கம் வழியாகப் பணியாற்றலாமே என்றும் கேட்பார்கள். அந்த வழி அதற்கு முன்பே அடைபட்டது. அந்தத் தேர்தலை அடுத்து 2020 ஆகஸ்டில் மின்ஸ்க் டிராக்டர் ஆலையிலும், சலிகோர்ஸ்கின் பொட்டாஷ் சுரங்கங்களிலும், ஹ்ரோத்னாவின் உர ஆலையிலும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குக் கிளம்பினார்கள். சக்கர இழுவை வாகன ஆலைக்குப் போன லுகாஷென்கோவை முகத்துக்கு நேரே “போய்விடு” என்று கத்தினார்கள். அரசைச் சாராத சங்கங்களின் கூட்டமைப்பான ‘பெலாரஸ் ஜனநாயகத் தொழிற்சங்கங்களின் காங்கிரஸ்’ தலைவர் அலெக்சாண்டர் யாரஷுக் 2022 ஏப்ரலில் கைதானார், டிசம்பரில் நான்கு ஆண்டு தண்டனை விதித்தார்கள். நடுவில் ஜூலையில் அந்தக் காங்கிரஸையும் அதன் சங்கங்களையும் உச்ச நீதிமன்றம் கலைத்தது. அரசு சார்புத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.